டெப்த் கேமராவின் அளவு ஏன் அலைகிறது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மேசைக்கு மேலே 2 மீட்டர் உயரத்தில் டைம் ஆஃப் ஃப்ளைட் வகை (ஒளி போய்வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும்) டெப்த் கேமரா ஒன்றைக் கீழ்நோக்கி மாட்டியிருக்கிறீர்கள். மேசைமேல் வைக்கும் அட்டைப்பெட்டியின் நீள, அகல, உயரம் வேண்டும். 1 சென்டிமீட்டருக்குள் வரும் என்று நினைத்தீர்கள். வருவதோ காலையில் ஒரு அளவு, மதியம் ஒரு அளவு. பெட்டியின் விளிம்பில் புள்ளிகள் சிதறுகின்றன. கறுப்பு டேப் ஒட்டிய இடம் சில நேரம் பள்ளமாகவும் சில நேரம் மேடாகவும் தெரிகிறது. வெறும் மேசைகூட ஓரங்களில் சரிந்து கிடக்கிறது. மென்பொருளில் உள்ள ஃபில்டர்களை எல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. இனி அதிக ரெசல்யூஷன் உள்ள கேமரா வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

உயரத்துக்காக என்றால் வாங்க வேண்டாம். 75 பாகைப் பார்வைக்கோணமும் குறுக்காக 640 பிக்சலும் உள்ள கேமரா 2 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 3.07 மீட்டர் அகலத்தைப் பார்க்கும். அதாவது ஒரு பிக்சலுக்கு 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெட்டியின் மேல்முகம் என்னும்போது பல ஆயிரம் பிக்சல் கிடைக்கிறது. அங்கே பிக்சல் பஞ்சமில்லை. நீள அகலம் வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன். உண்மையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, அளவு நடுங்குகிறதா அல்லது தவறாக நிலைத்து நிற்கிறதா என்பது. நடுக்கம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் எண் மேலும் கீழும் ஆடும், சராசரி எடுத்தால் அடங்கும். நிலைப்பிழை என்றால் ஆயிரம் ஃப்ரேம் எடுத்தாலும் அதே தவறான எண்தான் வரும், இன்னும் அழகாக, இன்னும் உறுதியாக. ஃபில்டர்கள் முதலாவதற்கு மட்டுமே மருந்து. நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை.

இந்தக் கேமரா என்ன செய்கிறது என்பதை ஒரு தரம் எண்களோடு பார்த்துவிட்டால் மற்றவை தானாகப் புரியும். ஒளி ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் போகிறது. 1 சென்டிமீட்டர் தூர வித்தியாசம் என்றால் போய்வர 2 சென்டிமீட்டர், அதாவது 67 பிக்கோ விநாடி. இதை நேரடியாகக் கடிகாரம் வைத்து அளப்பது கடினம் என்பதால், உங்களிடம் இருப்பது போன்ற கேமராக்களில் பெரும்பாலானவை அகச்சிவப்பு ஒளியை 20 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வேகத்தில் ஏற்றி இறக்கி அனுப்பி, திரும்பி வரும் அலை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்க்கின்றன. பாடநூலில் கட்டம் என்று படித்தோமே, அந்த ஃபேஸ். ஒவ்வொரு பிக்சலும் 0, 90, 180, 270 பாகைகளில் நான்கு மாதிரி எடுக்கிறது. 0-இல் இருந்து 180-ஐக் கழித்தால் ஒரு எண், 90-இல் இருந்து 270-ஐக் கழித்தால் இன்னொன்று. இரண்டையும் ஒரு அம்பின் இரு கூறுகளாகக் கொண்டால் அம்பின் திசைதான் ஃபேஸ், நீளம்தான் சமிக்ஞையின் வீச்சு. 20 மெகாஹெர்ட்ஸில் ஒரு முழுச் சுற்று 7.5 மீட்டர், ஒரு பாகை பிசகினால் 2 சென்டிமீட்டர் பிசகும். 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்று 1.5 மீட்டர், ஒரு பாகைக்கு 4 மில்லிமீட்டர்தான். அதனால்தான் அதிர்வெண் கூடக்கூட நடுக்கம் குறைகிறது. ஆனால் 1.5 மீட்டருக்கு மேல் போனதும் எண் மறுபடி சுழியிலிருந்து தொடங்கும். அதைத் தீர்க்க 100, 80 என்று இரண்டு அதிர்வெண்களைச் சேர்த்து எடுக்கிறார்கள். இரண்டின் மீப்பெரு பொதுவகுத்தி 20 என்பதால் 7.5 மீட்டர் வரை குழப்பமில்லாமல் அளக்கலாம். உங்கள் அளவு எப்போதாவது சரியாக 1.5 மீட்டரோ 1.87 மீட்டரோ தாவினால் பயப்பட வேண்டாம், அது சுற்று எண்ணிக்கை தவறியதுதான். வீச்சு குறைந்த பிக்சல்களில் அது சகஜம், அந்தப் பிக்சலைத் தூக்கி எறிந்தால் போதும்.

முதலில் சோதனை. மங்கலான வெள்ளைப் பலகை ஒன்றைக் கேமராவுக்கு நேரே 1.5 மீட்டரில் நிறுத்துங்கள். பளபளப்பு கூடாது, மேட் பெயின்ட் அடித்த பலகை நன்று. கேமராவை ஏற்கெனவே ஒரு மணி நேரம் ஓடவிட்டிருக்க வேண்டும். எல்லா ஃபில்டரையும் நிறுத்திவிட்டு 200 ஃப்ரேம் பதியுங்கள். நடுவிலுள்ள ஒவ்வொரு பிக்சலுக்கும் சராசரியும் திட்டவிலக்கமும் கணக்கிடுங்கள். திட்டவிலக்கம்தான் உங்கள் நடுக்கம். பிறகு பலகையைத் துல்லியமாக 50 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தி மறுபடி எடுங்கள். கேமரா காட்டும் வித்தியாசம் 50-இலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அது நிலைப்பிழை. அளவு டேப் வைத்து மொத்தத் தூரத்தை அளக்காமல் நகர்வை அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கேமராவின் சுழிப்புள்ளி முன்கண்ணாடியா, லென்ஸா, சென்சாரா என்பது மாடலுக்கு மாடல் மாறும். பலர் அந்தச் சில சென்டிமீட்டரைத் துரத்தியே ஒரு வாரத்தைத் தொலைக்கிறார்கள்.

மேசை ஓரம் சரிவதை எடுத்துக்கொள்வோம். இந்தக் கேமரா அடிப்படையில் அளப்பது லென்ஸிலிருந்து பொருள்வரை உள்ள சாய்ந்த கோட்டின் நீளத்தை, செங்குத்து ஆழத்தை அல்ல. 2 மீட்டர் கீழே உள்ள மேசையை 30 பாகை சாய்வில் பார்க்கும் பிக்சலுக்கு அந்தக் கோடு 2.31 மீட்டர். அதை அப்படியே ஆழம் என்று எடுத்தால் ஓரம் 31 சென்டிமீட்டர் தாழ்ந்து, மேசை கவிழ்த்த கிண்ணம்போல் தெரியும். மாறாக, கேமராவோடு வரும் மென்பொருள் ஏற்கெனவே திருத்திக் கொடுத்ததை நீங்கள் மறுபடி கோசைனால் பெருக்கினால் மேசை நிமிர்த்த கிண்ணமாகும், ஓரம் 27 சென்டிமீட்டர் மேலே வரும். உங்களுடையது இந்த அளவில் இருந்தால் ஒரு வரி நிரலில் தீரும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டுமே என்றால் இது காரணமல்ல. லென்ஸ் அளவீடோ (கேலிபரேஷன்) பிக்சல்வாரித் திருத்தமோ சரியில்லை.

லென்ஸ் அளவீட்டுக்கு வழக்கமான சதுரங்கக் கட்டப் பலகையே போதும். ஆனால் அதைக் கலர் கேமராவில் பார்க்காமல் இந்தச் சென்சாரின் வீச்சுப் படத்தில்தான் (ஒவ்வொரு பிக்சலிலும் அம்பின் நீளத்தைக் காட்டும் படம்) பார்க்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இன்க்ஜெட்டில் அச்சடித்த கறுப்புக் கட்டங்கள் கண்ணுக்குக் கறுப்பாக இருந்தாலும் அகச்சிவப்பில் காணாமலே போகலாம், சாய மையின் குணம் அது. லேசர் பிரிண்டரின் டோனர் பெரும்பாலும் கார்பன் என்பதால் அங்கேயும் கறுப்பாகவே நிற்கும். தாளை வளையாத அலுமினியத் தகட்டில் ஒட்டி, படத்தின் நான்கு மூலைகளும் நிரம்பும்படி 25, 30 நிலைகளில் எடுங்கள். நடுவிலேயே வைத்து எடுத்த அளவீடு ஓரங்களில் பொய் சொல்லும். இது முடிந்தபின் வெள்ளைச் சுவரைப் பார்த்து 500 ஃப்ரேம் சராசரி எடுத்து, அதில் ஒரு சமதளத்தைப் பொருத்தி, ஒவ்வொரு பிக்சலும் அந்தத் தளத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று ஓர் அட்டவணை சேமித்துக்கொள்ளுங்கள். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலுக்கும் கடிகாரச் சமிக்ஞை போய்ச் சேரும் நேரம் கொஞ்சம் மாறும். அந்தப் பிசகு இந்தக் கழித்தலில் போய்விடும்.

தூரத்தோடு மாறும் இன்னொரு பிழை உண்டு, நெளிவுப் பிழை என்று சொல்லலாம். ஒளியை ஏற்றி இறக்கும் அலை சுத்தமான சைன் அலை இல்லை, சதுரத்துக்கு நெருக்கமானது. அதில் மூன்றாம், ஐந்தாம் மடங்கு அதிர்வெண்கள் கலந்திருக்கும். நான்கே மாதிரி எடுப்பதால் அவை உண்மையான ஃபேஸுக்குள் புகுந்துவிடுகின்றன. விளைவு, ஒரு சுற்றுக்குள் நான்கு முறை ஏறி இறங்கும் பிழை. 20 மெகாஹெர்ட்ஸில் அது 1.87 மீட்டருக்கு ஒருமுறை வரும், 100 மெகாஹெர்ட்ஸில் 37.5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை. உற்பத்தியாளர் இதற்குத் திருத்தம் போட்டுத்தான் அனுப்புவார், ஆனால் மிச்சம் கொஞ்சம் இருக்கும். பலகையை 2 சென்டிமீட்டர் படிகளில் 1 மீட்டரிலிருந்து 2 மீட்டர் வரை நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் 100 ஃப்ரேம் எடுத்து, பிழையை வரைபடமாகப் போடுங்கள். நெளிவு கண்ணுக்குத் தெரிந்தால் அட்டவணையாக்கிக் கழித்துவிடலாம். தெரியாவிட்டால் இந்த வேலையை விட்டுவிடுங்கள், அடுத்ததில் இதைவிடப் பெரிய மீன் இருக்கிறது.

காலை மதிய வித்தியாசத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம், வெப்பம் அல்லது வெயில். ஒளி உமிழியை ஓட்டும் மின்சுற்று சூடாகச் சூடாக அதன் தாமதம் மாறுகிறது. 10 பிக்கோ விநாடி மாறினாலே 1.5 மில்லிமீட்டர். கேமராவைப் போட்டதிலிருந்து முதல் அரை மணி, முக்கால் மணி வரை அளவு மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பது இந்த வகை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம். வெயிலின் வேலை வேறு. கொள்கைப்படி நான்கு மாதிரிகளைக் கழிக்கும்போது மாறாத வெளிச்சம் அடிபட்டுப் போகும், சராசரி நகரக்கூடாது. ஆனால் அந்த வெளிச்சம் கொண்டுவரும் இரைச்சல் போகாது, நடுக்கம் கூடும். ஆகவே பிரிப்பது எளிது. மதியம் சராசரி மட்டும் நகர்ந்து திட்டவிலக்கம் அப்படியே இருந்தால் வெப்பம். திட்டவிலக்கமும் ஏறியிருந்தால் வெளிச்சம். ஜன்னலை மூடிப் பார்த்தால் உறுதியாகிவிடும். ஆலசன், குண்டு பல்புகளையும் சந்தேகியுங்கள், அவற்றில் அகச்சிவப்பு ஏராளம். அறையின் எல்ஈடி விளக்குகள் பெரும்பாலும் அப்பாவிகள்.

வெப்பத்துக்கு நல்ல மருந்து, பார்வைக்குள் ஒரு சாட்சியை வைப்பது. மேசையின் ஓரத்தில், பெட்டி ஒருபோதும் மறைக்காத இடத்தில், உள்ளங்கை அளவு மேட் வெள்ளைத் தகடு ஒன்றை அசையாமல் திருகி வையுங்கள். அதன் தூரம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அங்கே கேமரா காட்டும் தூரத்துக்கும் உண்மையான தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மொத்தப் படத்திலிருந்தும் கழித்துவிடுங்கள். வெப்பமானி, வெப்ப அட்டவணை எதுவும் இல்லாமல் நகர்வின் பெரும்பகுதி போய்விடும். தகடு லென்ஸுக்கு மிக அருகில் இருந்து ஒளி நிரம்பி வழியக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. உங்களுக்கு வேண்டியது மேசைக்கும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் என்பதால் வெறும் மேசையே சாட்சியாகுமே என்று தோன்றும். பாதி சரி. அந்த மற்றப் பாதிதான் இந்த வேலையில் எல்லோரையும் ஏமாற்றுவது.

பெட்டியின் பக்கச்சுவரும் மேசையும் சேரும் இடம் ஓர் உள்மூலை. மேசையின் அந்தப் பகுதிக்குக் கேமராவிலிருந்து நேராக ஒளி போகிறது. கூடவே பெட்டியின் பக்கத்தில் பட்டுத் தெறித்த ஒளியும் போகிறது. பிக்சலுக்கு இரண்டும் கலந்துதான் வரும். சுற்றி வந்த ஒளி நீண்ட வழி வந்ததால் கலவை உண்மையைவிடத் தூரமாகக் காட்டும். மேசை தாழ்ந்து தெரியும், மூலை உருண்டு தெரியும். பெட்டியின் மேல்முகத்துக்கு எதிரே எதுவும் இல்லையென்றால் அது தப்பித்துவிடும். இப்போது பெட்டியை ஒட்டிய மேசையிலிருந்து உயரத்தைக் கழித்தால் பெட்டி உண்மையைவிட உயரமாக வரும், எப்போதும் ஒரே பக்கமாக. எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நேர் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு வலுவோடு, 40 சென்டிமீட்டர் கூடுதல் வழி சுற்றி வந்த ஒளி கலக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மெகாஹெர்ட்ஸில் பிழை 3.3 சென்டிமீட்டர். 100 மெகாஹெர்ட்ஸில் 3.1 சென்டிமீட்டர். அதிர்வெண்ணை ஐந்து மடங்கு கூட்டினால் நடுக்கம் ஐந்தில் ஒன்றாகும், ஆனால் இந்தப் பிழை அசைந்துகூடக் கொடுக்கவில்லை. புதுக் கேமரா வாங்க வேண்டாம் என்று முதலிலேயே சொன்னதன் முக்கியக் காரணம் இதுதான்.

இப்படிச் சுற்றி வந்து கலக்கும் பலவழி ஒளியை மென்பொருளில் பிரித்தெடுக்கப் பல அதிர்வெண்களில் அளந்து கணக்குப் போடும் முறைகள் உண்டு. அவை ஆய்வுக் கட்டுரைகளில் அழகாக வேலை செய்யும். இரண்டே அதிர்வெண் உள்ள, நடுக்கம் உள்ள நிஜக் கேமராவில் அவற்றை நம்ப எனக்குத் துணிவில்லை. உங்கள் அமைப்பில் அதைவிட எளிய வழி கைவசம் இருக்கிறது. பெட்டி இல்லாதபோது மேசையை 500 ஃப்ரேம் எடுத்து, ஒரு சமதளத்தைப் பொருத்தி, அந்தச் சமன்பாட்டின் எண்களைச் சேமித்துவிடுங்கள். பெட்டி வந்தபின் மேசையைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். உயரம் என்பது மேல்முகப் புள்ளிகளிலிருந்து அந்தச் சேமித்த தளத்துக்குள்ள செங்குத்துத் தூரம், சாட்சித் தகட்டின் திருத்தத்தோடு. பக்கத்தில் வெள்ளைச் சுவரோ பளிச்சென்ற உலோகத் தூணோ இருந்தால் மங்கிய கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள். அந்தத் துணியையும் வீச்சுப் படத்தில் ஒருமுறை பாருங்கள், கறுப்புச் சாயத் துணிகள் பல அகச்சிவப்பில் வெள்ளை வேட்டிபோல் மின்னும்.

கறுப்பு டேப் விஷயத்துக்கு வருவோம். கறுப்பிலிருந்து திரும்பும் ஒளி குறைவு, அம்பு குட்டையாகிறது. குட்டை அம்பை மற்ற சிதறல் ஒளி எளிதாகத் திருப்பிவிடும். லென்ஸுக்குள் சிதறும் ஒளி தூரத்து மேசையிலிருந்து வந்தால் டேப் பள்ளமாகும். கேமராவின் சொந்த உமிழியிலிருந்து நேராகக் கசிந்தால், அது ஏறக்குறையச் சுழித் தூரத்திலிருந்து வருவதால் டேப் மேடாகும். மேடாகத் தெரிகிறது என்றால் கேமராவுக்கு முன்னால் தூசிக்காகக் கண்ணாடி அல்லது அக்ரிலிக் தகடு மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். உமிழியின் ஒளி அந்தத் தகட்டின் இரு முகங்களிலும் தெறித்து, தகட்டுக்குள்ளேயே ஓடி லென்ஸில் விழும். ஒரு விரல்ரேகை பட்டாலே நிலைமை மோசமாகும். தகடு கட்டாயம் வேண்டுமென்றால் உமிழிக்கும் லென்ஸுக்கும் தனித்தனிச் சன்னல் வையுங்கள், அல்லது இரண்டுக்கும் நடுவே கறுப்பு ஃபோம் தடுப்பைத் தகட்டில் அழுந்தும்படி ஒட்டுங்கள். கசிவு இருக்கிறதா என்று அறிய, கேமராவை எதிரே எதுவுமில்லாத திறந்த இருட்டு வெளியை நோக்கித் திருப்புங்கள். வீச்சு சுழிக்கு அருகில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மிஞ்சுவது கசிவு; அதன் இரு கூறுகளையும் பிக்சல்வாரியாகப் பதிந்து ஒவ்வொரு ஃப்ரேமிலும் கழிக்கலாம், உங்கள் கேமரா மூல மாதிரிகளைக் கொடுத்தால்.

மினுமினுக்கும் ஒளிபுகு டேப்பின் பிரச்சினை இதற்கு நேரெதிர். அது கண்ணாடிபோல் ஒளியை அப்படியே லென்ஸுக்குள் திருப்பி பிக்சலை நிரப்பிவிடும். பெட்டி கேமராவுக்கு நேர் கீழே வராதபடி கேமராவைப் பக்கவாட்டில் தள்ளிச் சாய்த்து மாட்டினால் அந்தப் பிரதிபலிப்பு லென்ஸைத் தவறவிடும். தளச் சமன்பாட்டை வைத்துக் கணக்கிடுவதால் சாய்வு உங்கள் கணக்கைக் கெடுக்காது. எக்ஸ்போஷரை, வரக்கூடிய மிக உயரமான பெட்டியின் மேல்முகத்தை வைத்து நிர்ணயுங்கள்: அங்கே மூல எண்கள் சென்சார் நிரம்பும் எல்லையில் 70, 80 விழுக்காட்டில் நிற்கட்டும். 1 மீட்டரில் உள்ள முகத்துக்கு 2 மீட்டரில் உள்ள மேசையைவிட நான்கு மடங்கு ஒளி கிடைக்கிறது. மேசைக்காக எக்ஸ்போஷரைக் கூட்டினால் பெட்டி நிரம்பி வழியும். மேசையைத்தான் முன்கூட்டியே பதிந்தாயிற்றே, அது மங்கலாக இருந்தால் இருக்கட்டும்.

விளிம்பில் சிதறும் புள்ளிகளைப் பறக்கும் பிக்சல்கள் என்பார்கள். ஒரு பிக்சல் பாதி பெட்டியையும் பாதி மேசையையும் பார்க்கிறது. இரண்டு அம்புகளும் கூடி, இரண்டுக்கும் நடுவே எங்கோ அந்தரத்தில் ஒரு புள்ளியைக் காட்டுகிறது. இரண்டு அதிர்வெண் முறையில் அது நடுவில்கூட இருக்க வேண்டியதில்லை, எங்கு வேண்டுமானாலும் போகும். மீடியன் ஃபில்டர் போட்டால் இவை மறைவதுபோல் தெரியும், ஆனால் விளிம்பும் நகர்ந்துவிடும். திருத்த முயலாமல் நீக்குங்கள்: எட்டு அண்டைப் பிக்சல்களில் எதனோடாவது 3 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் அந்தப் பிக்சல் கழிவு. பிறகு மேல்முகப் பகுதியைச் சுற்றிலும் இரண்டு பிக்சல் உள்ளே சுருக்கிக்கொண்டு, மிச்சத்தின் இடைநிலை மதிப்பை உயரமாக எடுங்கள். தயவுசெய்து அதிகபட்ச மதிப்பை எடுக்காதீர்கள். 5 மில்லிமீட்டர் நடுக்கம் உள்ள 10,000 பிக்சல்களில் மிக உயர்ந்தது சராசரியைவிட ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் மேலே நிற்கும். பெட்டி பெரிதாகப் பெரிதாக இந்தப் பொய்யும் பெரிதாகும். கேமராவைக் குறை சொல்லும் பல இடங்களில் உண்மைக் குற்றவாளி இந்த ஒரு வரி நிரல்தான்.

சராசரி எடுப்பதில் ஒரு நுணுக்கம். தூரங்களைச் சராசரி எடுக்காமல், முடிந்தால் அம்பின் இரு கூறுகளையும் தனித்தனியே சராசரி எடுத்து, கடைசியில் ஒரே ஒரு முறை ஃபேஸ் கணக்கிடுங்கள். 359 பாகையையும் 1 பாகையையும் தூரமாகச் சராசரி எடுத்தால் 180 வரும், அம்பாக எடுத்தால் சரியாகச் சுழி வரும். 16 ஃப்ரேம் எடுத்தால் நடுக்கம் கால்வாசியாகும். 100 எடுத்தால் பத்தில் ஒன்று. அதற்குமேல் போவதில் உங்களுக்கு லாபமில்லை, அப்போது மிஞ்சுவது நிலைப்பிழைதான். நான்கு மாதிரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்படுவதால் பெட்டி அசையும்போது எடுத்த ஃப்ரேம்கள் குப்பை. பெட்டி நின்றதும் எண்ணத் தொடங்குங்கள். பக்கத்திலேயே இதே வகைக் கேமரா இன்னொன்று ஓடினால் இரண்டும் ஒன்றன் ஒளியை மற்றொன்று எண்ணும். இரண்டையும் ஒத்திசைக்கும் சிங்க் கம்பி இணைத்து மாறி மாறி எடுக்க வைக்க வேண்டும்.

நீள அகலத்துக்கு மட்டும் ரெசல்யூஷன் உண்மையிலேயே தடை. மேசை மட்டத்தில் இரு விளிம்பிலும் ஒரு பிக்சல் ஐயம் என்றால் அதுவே 1 சென்டிமீட்டர். விளிம்புப் புள்ளிகளை நேரடியாக நம்பாமல், நூறு புள்ளிகளுக்கு ஒரு நேர்கோட்டைப் பொருத்தினால் பிக்சலைவிட நுண்மையாகப் போகலாம். அதைவிட நல்லது, உயரத்தை டெப்த் கேமராவிடமும் விளிம்பைக் கலர் கேமராவிடமும் கேட்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்ற அளவீடு சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் அதிலுள்ள சிரமம்.

மற்ற வகைக் கேமராக்கள் இதைத் தீர்க்குமா என்றால், ஒவ்வொன்றுக்கும் ஒரு வியாதி உண்டு. 2020-இல் ஐபேட் ப்ரோவில் வந்தது போன்ற நேரடி வகை, ஒளித்துடிப்பு திரும்பும் நேரத்தையே எண்ணிப் பட்டைப்படம் போடுகிறது. நீண்ட பலவழியைப் பிரித்துக் காட்டும், ஆனால் 100 பிக்கோ விநாடிப் பட்டை ஒன்றே 1.5 சென்டிமீட்டர், பிக்சலும் குறைவு. இரட்டைக் கண் கேமராவில் பிழை தூரத்தின் வர்க்கத்தோடு வளரும்: 5 சென்டிமீட்டர் இடைவெளி, 640 பிக்சல் குவியத்தூரம், பத்தில் ஒரு பிக்சல் பொருத்தப் பிழை என்றால் 1 மீட்டரில் 3 மில்லிமீட்டர், 2 மீட்டரில் 12.5 மில்லிமீட்டர், வெற்று அட்டையில் பொருத்துவதற்குக் கோலம் எதுவும் இல்லாததால் மேலே புள்ளிக்கோலம் ஒன்றை ஒளிர்த்தாக வேண்டும். அதிர்வெண்ணைக் கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் பலவழி ஒளியும் பெரிதும் அடங்கும் என்று 2017-இல் எம்ஐடியில் அச்சுதா கடம்பியும் ரமேஷ் ரஸ்கரும் காட்டினார்கள். 2022-இல் ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று, சாதாரணக் கேமராவின் முன்னால் லித்தியம் நையோபேட் என்ற படிகத்தின் மெல்லிய வில்லை ஒன்றை ஒலி அதிர்வால் துடிக்கவைத்து அதையே தூரம் அளக்க வைத்தது. அந்த வில்லை துடித்தது ஏறக்குறைய 3.7 மெகாஹெர்ட்ஸில், எளிமையும் குறைந்த மின்செலவும் அதன் சிறப்பு. இரண்டும் ஆய்வகச் செய்திகள், உங்கள் மேசைக்கு இன்று உதவாது.

இவ்வளவையும் செய்தபின் உலர்ந்த அட்டைப்பெட்டியின் தட்டையான மேல்முகத்தில் 3 முதல் 5 மில்லிமீட்டருக்குள் எதிர்பார்ப்பது நியாயம் என்பது என் கணிப்பு. குமிழிப் பொதி, மெழுகு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் என்றால் ஒளி உள்ளே போய் அலைந்து வருவதால் எப்போதும் தூரமாகவே காட்டும், அதற்குப் பொதுவான திருத்தம் கிடையாது. பொருளுக்குப் பொருள் தனியே அளந்து வைக்க வேண்டும். ஒளி போதவில்லை என்று உமிழியின் டிஃப்யூசரை (ஒளியைப் பரப்பிவிடும் மூடி) கழற்றுவதோ மின்னோட்டத்தைக் கூட்டுவதோ கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, இமை தானாக மூடாது, கேமராவின் கண் பாதுகாப்புத் தரம் அந்த டிஃப்யூசரை நம்பியே கொடுக்கப்பட்டது. மில்லிமீட்டருக்கும் கீழே வேண்டும் என்றால் இந்த வகையை விட்டுவிட்டு, பெட்டியை நகர்த்தி லேசர் கோட்டை ஓரக் கோணத்திலிருந்து பார்க்கும் அளவிக்குப் போய்விடுங்கள்.